பிடித்த கையை எப்போது விடுவது?
மிதிவண்டி ஆசிரியர்களின் வரலாறும் புதுக்கோட்டை தந்த பாடமும்

உங்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் யார்? அண்ணனா, மாமாவா, பக்கத்து வீட்டு அக்காவா? இல்லை, வாடகைச் சைக்கிளை மணிக் கணக்கில் எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, முழங்கால் தேய நீங்களாகவே கற்றுக் கொண்டீர்களா? எப்படியிருப்பினும் ஒன்றை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார் என்று நம்பி ஓட்டிக் கொண்டிருந்தீர்கள். திரும்பிப் பார்த்தபோது அவர் வெகு தூரத்தில் நின்று சிரித்துக் கொண்டிருந்தார். அந்தக் கணத்தில்தான் நீங்கள் சைக்கிள் ஓட்டுபவர் ஆனீர்கள்.

கையை எப்போது விடுவது என்று அறிந்தவரே நல்ல மிதிவண்டி ஆசிரியர். இது கேட்பதற்கு எளிது. ஆனால் இதற்குள் இயற்பியலும் உடலியலும் ஒரு சமூக வரலாறும் அடங்கியிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கூரைக்குள் நடந்த வகுப்புகள்

மிதிவண்டியின் மூதாதை 1817-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தது. கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு மரச் சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி, நடுவில் அமர்ந்து, தரையைக் காலால் உந்திச் சென்றார். அதற்குப் பெடல் கிடையாது. ஆகவே அதைக் கற்றுத்தர ஆசிரியரும் பெரிதாகத் தேவைப்படவில்லை. விழப் போனால் காலை ஊன்றிக் கொள்ளலாம் அல்லவா?

1860-களில் பாரிஸ் நகரில் முன்சக்கரத்தில் பெடல் பொருத்திய வண்டிகள் விற்பனைக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. கால் தரையை விட்டு மேலே போய்விட்டது. சமநிலை, திருப்புதல், மிதித்தல் ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டியதாயிற்று. மக்கள் விழுந்தார்கள். சாலைகளோ கரடுமுரடானவை. எனவே 1868, 1869-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களில் பெரிய கூடங்களை வாடகைக்கு எடுத்து, வழுவழுப்பான தரையில் மிதிவண்டி கற்பிக்கும் பள்ளிகள் தோன்றின. கூரைக்குள் மிதிவண்டி வகுப்பு நடத்துவது ஏதோ நம் காலத்துப் புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு வயதாகிறது.

1885-இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் அமைந்து சங்கிலியால் ஓடும் 'ரோவர்' வண்டியை வெளியிட்டார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். இன்றைய சைக்கிளின் உருவம் இவ்வாறு நிலைபெற்றது. அதன் பிறகு முதியவர்களும் பெண்களும்கூடக் கற்க முன்வந்தனர். ருஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1895-இல், தமது 67-ஆவது வயதில், மாஸ்கோவில் குதிரையேற்றப் பயிற்சிக்கென இருந்த பெரிய கூரைக் கூடத்தில் சைக்கிள் பழகினார். அமெரிக்காவில் பெண்கள் இயக்கத் தலைவியாக விளங்கிய ஃபிரான்சஸ் வில்லார்டு தமது 53-ஆவது வயதில் கற்றுக் கொண்டார். நாளொன்றுக்குச் சராசரி 15 நிமிடப் பயிற்சியாக அவருக்கு மூன்று மாதங்கள் பிடித்தன. அந்த அனுபவத்தை 1895-இல் தனி நூலாகவே எழுதினார்.

சொல்லித் தர முடியாத விதி

இனி, ஆசிரியர் எதைக் கற்பிக்கிறார் என்று பார்ப்போம். நீளமான கோல் ஒன்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கோல் வலப்பக்கம் சாயும்போது கையையும் வலப்பக்கம் நகர்த்துகிறீர்கள். அதாவது, விழும் திசையிலேயே அடியை நகர்த்தி, ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே மீண்டும் கொண்டு வருகிறீர்கள். சைக்கிளில் நடப்பதும் இதுவே. வண்டி வலப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலை வலப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் உடலுக்கு அடியில் வந்துவிடுகின்றன. புதிதாகக் கற்பவர் பயத்தில் நேர்மாறாக இடப்பக்கம் திருப்புகிறார், தொப்பென்று விழுகிறார்.

எவ்வளவு திருப்ப வேண்டும்? அது வேகத்தைப் பொறுத்தது. குறிப்பிட்ட அளவு சாய்வுக்கு, வண்டி செல்ல வேண்டிய பாதையின் வளைவு வேகத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் வளைவு நான்கில் ஒரு பங்கு போதும். மெதுவாகப் போனாலோ ஹேண்டிலை மிகுதியாக ஒடிக்க வேண்டியிருக்கும். ஊர்த் திருவிழாக்களில் 'ஸ்லோ சைக்கிள்' போட்டி வைப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதா? வேகமாக ஓட்டுவதைவிட நிதானமாக ஓட்டுவதே கடினம்.

மைக்கேல் போலானி என்ற அறிஞர் 1958-இல் வெளியான தம் நூலில் இந்த விதியையே எடுத்துக்காட்டி ஓர் உண்மையைச் சுட்டினார். சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த விதி தெரியாது. விதியைத் தெரிந்து கொண்டவரும் அதனால் ஓட்டக் கற்றுக் கொண்டுவிட மாட்டார். இந்த அறிவு வாய்ச்சொல்லில் இல்லை, உடலில் இருக்கிறது. உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்த்துகின்றன; தசைகளும் கண்களும் தத்தம் செய்தியை அனுப்புகின்றன; சிறுமூளை இவற்றையெல்லாம் ஒப்பிட்டுத் தவறைத் திருத்துகிறது. பலமுறை திருத்திய பிறகு அது பழக்கமாகிறது.

மிதிவண்டி தானாகவே நிமிர்ந்து ஓடும் தன்மையும் ஓரளவு உடையது. ஆளில்லாத வண்டியைத் தள்ளிவிட்டாலும் சிறிது தூரம் ஓடுகிறது. சுழலும் சக்கரத்தின் கிறுகிறுப்பான் விளைவே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கூறி வந்தனர். 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்பவர் அந்த விளைவை நீக்கும் வகையில் ஒரு வண்டியைச் செய்து ஓட்டினார். அதையும் ஓட்ட முடிந்தது. 2011-இல் ஆய்வாளர் குழு ஒன்று, அந்த விளைவும் முன்சக்கரத்தின் இழுபடும் அமைப்பும் இரண்டுமே இல்லாமல் தானே நிமிர்ந்து ஓடும் வண்டியைச் செய்து காட்டியது. இவ்வளவு பழைய பொறியின் இரகசியம் இன்றும் ஆராய்ச்சிக்கு உரியதாக இருப்பது வியப்பல்லவா?

இதிலிருந்து நல்ல ஆசிரியருக்கான முதல் இலக்கணங்கள் தாமே பிறக்கின்றன. அவர் ஹேண்டிலைப் பிடிக்க மாட்டார். ஏனெனில் கற்பவரின் திருத்தம் நடக்கும் இடமே அதுதான். சீட்டையோ கேரியரையோ பிடித்துக்கொண்டு உடன் ஓடுவார். ஏனெனில் வேகம் இல்லாமல் சமநிலை வராது. சீட்டைத் தாழ்த்தி வைத்து, இரு கால்களும் தரையில் ஊன்றும்படி செய்வார். அது பாதிப் பயத்தைப் போக்கிவிடும். முன்சக்கரத்தைப் பார்க்காதே, தூரத்து மரத்தைப் பார் என்பார். கோலை நிறுத்தும்போதும் நாம் கையைப் பார்ப்பதில்லை, கோலின் நுனியைத்தான் பார்க்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் பிடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவார். விடாமல் பிடித்துக் கொண்டிருந்தால் கற்பவரின் சிறுமூளை அந்தக் கையையே நம்பிப் பழகிவிடும்.

புதுக்கோட்டையில் நடந்தது என்ன?

இந்த இலக்கணங்களையெல்லாம் எந்த நூலிலும் படிக்காமல், ஆயிரக்கணக்கான பெண்கள் ஒருவருக்கொருவர் ஆசிரியராகிச் செயற்படுத்திய இடம் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. அதுதான் புதுக்கோட்டை மாவட்டம்.

முன்னாள் சமஸ்தானமான புதுக்கோட்டை 1948-இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது; 1974-இல் தனி மாவட்டம் ஆயிற்று. பெண்களின் தடைகளைத் தாண்டிய முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்த மண் இது. ஆயினும் அவர் பிறந்து நூறாண்டு கடந்த பின்னும், 1991 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது, இம்மாவட்டப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எழுத்தறியாதவர்களாகவே இருந்தனர். வானம் பார்த்த பூமி, கண்மாய்ப் பாசனம், கல் குவாரிகள், பேருந்து எப்போதோ ஒருமுறை எட்டிப் பார்க்கும் உட்கிராமங்கள். இதுவே அன்றைய நிலை.

1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதன் தூண்டுதலால் நாட்டின் பல மாவட்டங்களில் அறிவொளி இயக்கம் பரவியது. புதுக்கோட்டையில் 1991-இல் அது தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தார். மாலை வேளைகளில் உட்கிராமங்களுக்குச் சென்று பாடம் நடத்தப் பெண் தொண்டர்கள் தேவைப்பட்டனர். ஆனால் எப்படிப் போவது? பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தை, கணவர், தம்பி யாரையாவது எதிர்பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு தொண்டர் போக அரை மணி, வர அரை மணி செலவிடுகிறார் என்க. மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் அவர் எட்டக்கூடிய தூரம் இரண்டரை கிலோமீட்டர். அந்த ஆரத்தில் வட்டம் வரைந்தால் பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் சைக்கிளில் சென்றால் ஆரம் ஏழரை கிலோமீட்டர். பரப்பு சுமார் 177 சதுர கிலோமீட்டர். வேகம் மூன்று மடங்கு, ஆனால் எட்டும் உலகம் ஒன்பது மடங்கு! இத்தனைக்கும், ஒரு கிலோமீட்டர் செல்ல நடப்பவர் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே சைக்கிளில் செல்பவருக்குச் செலவாகிறது.

இடம்பெயர இயலாமையே பெண்களின் தன்னம்பிக்கையைக் குலைக்கிறது என்று கண்ட ஆட்சித் தலைவர், சைக்கிள் பயிற்சியை எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். சைக்கிள் வாங்கக் கடன் தரும்படி வங்கிகளை வற்புறுத்தினார். முதலில் இயக்கத் தொண்டர்கள் கற்றனர். அவர்களைக் கண்டு, அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த பெண்கள் ஆசைப்பட்டனர். பின்னர் விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், ஆசிரியைகள் என்று எல்லாரும் வந்தனர்.

1992-இல் சர்வதேச மகளிர் தினத்தை ஒட்டி, ஹேண்டிலில் கொடி பறக்க, மணி ஒலிக்க, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிள் ஊர்வலம் வந்தனர். பொதுநிகழ்ச்சிகளிலும் போட்டிகளிலும் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் தம் திறனைக் காட்டினர் என்று, இதை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் குறிப்பிடுகிறார். மாவட்டத்தில் சைக்கிள் பழகிய கிராமப் பெண்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்பது அவர் தரும் கணக்கு.

எண்ணிப் பாருங்கள். ஒரு லட்சம் பேருக்குக் கற்பிக்க எத்தனை ஆசிரியர்கள் வேண்டும்? பயிற்சிக் கல்லூரி எங்கே இருந்தது? எங்கும் இல்லை. நேற்றுக் கற்றவர் இன்று ஆசிரியர். இதுவே அவர்களின் முறை. ஒருவர் இருவருக்கும், அந்த இருவர் நால்வருக்கும் கற்பித்தால், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிக்கும். பதினேழு முறை இரட்டித்தால் ஒன்று என்பது 1,31,072 ஆகிவிடும். சங்கிலித் தொடர்போல் பரவும் இந்தக் கணக்குதான் அவர்களின் பயிற்சிக் கல்லூரி.

நேற்றுக் கற்றவர் ஏன் நல்ல ஆசிரியர்?

இருபது ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டுபவரை விட, இருபது நாளாக ஓட்டுபவர் சில சமயம் சிறந்த ஆசிரியராகிறார். ஏன்? பழகியவருக்கு அச்செயல் சிறுமூளையின் வசமாகி, நினைவிலிருந்து மறைந்து போயிருக்கும். 'சும்மா ஏறி மிதி, தானே வரும்' என்பார். புதிதாகக் கற்றவருக்கோ எந்த இடத்தில் கை நடுங்கியது, எங்கே பார்வை தவறியது என்பதெல்லாம் பசுமையாக நினைவிருக்கும். தன் முழங்கால் காயம் இன்னும் ஆறாதவர் அடுத்தவரின் அச்சத்தைக் கேலி செய்ய மாட்டார்.

புதுக்கோட்டைப் பெண்களின் அச்சம் விழுவதைப் பற்றியது மட்டுமன்று. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் அதைவிடப் பெரிது. தொடக்கத்தில் ஆண்கள் சிலர் கொச்சையாகப் பேசினர். பெண்களின் நடத்தையையே பழித்தனர். இந்த இடத்தில் தனி ஆசிரியரால் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. ஒருத்தி ஓட்டினால் ஊர் சிரிக்கும். நூறு பேர் ஓட்டினால்? சிரிப்பவர்தான் தனித்துப் போவார். மாவட்ட நிர்வாகமும் அறிவொளி இயக்கமும் பின்னால் நின்றது, கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வரும் கை போன்றது. மேலை நாடுகளில் பெண்கள் கூரைக்குள் மறைவாகக் கற்றதற்கும், இங்கே வெட்டவெளியில் கூட்டமாகக் கற்றதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள்.

இன்னொரு செய்தியும் சுவையானது. கற்க வந்தோர் தொகை பெருகவே, 'லேடீஸ்' சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பெண்கள் தயங்கவில்லை, குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினர். சிலர் அதையே விரும்பவும் செய்தனர். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இடையே உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக் கொள்ளலாமே! பொறியாளர்கள் சட்டத்தின் உறுதிக்காக வைத்த கம்பி தாய்மார்களுக்கு இருக்கை ஆயிற்று. கருவியின் பயனைச் செய்தவர் மட்டுமே தீர்மானிப்பதில்லை, பயன்படுத்துகிறவரும் தீர்மானிக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இதையெல்லாம் படித்துவிட்டு, அத்துடன் எல்லாம் இனிதே முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஓட்டத் தெரிவது வேறு. ஓட்டுவதற்கு வண்டி கையில் இருப்பது வேறு. வீட்டில் உள்ள ஒரே சைக்கிளை ஆண் எடுத்துச் சென்றுவிட்டால் கற்ற கலை காத்திருக்க வேண்டியதுதான். ஆசிரியர் கொடுக்க முடியாத ஒன்று உண்டு, அது வண்டி. அதை அரசோ குடும்பமோதான் கொடுக்க வேண்டும். பிகார் மாநிலம் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் வழங்கத் தொடங்கியது. அதை ஆராய்ந்த முரளிதரன், பிரகாஷ் என்ற பொருளியலாளர்கள், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு உயர்ந்ததையும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததையும் 2017-இல் வெளியிட்டனர். தமிழ்நாட்டிலும் பள்ளி மாணவ மாணவியர்க்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். உங்களில் பலர் அதில்தான் பள்ளிக்குச் செல்கிறீர்கள்.

நகராத சைக்கிளும் அதன் ஆசிரியரும்

இன்று நகரங்களின் உடற்பயிற்சிக் கூடங்களில், வரிசையாக நிறுத்திய நகராத சைக்கிள்களில் பலர் ஒன்றாக மிதிக்க, எதிரே ஒருவர் வகுப்பு நடத்துவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கும் மூதாதை உண்டு. 1796-இல் லண்டனில் ஃபிரான்சிஸ் லவுண்ட்ஸ் என்பவர் கையாலும் காலாலும் இயக்கும் ஓர் உடற்பயிற்சிப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். டிரைஸின் வண்டிக்கு முன்பே பிறந்தது இந்த நகராத வண்டி! குழுவாக மிதிக்கும் இன்றைய வகுப்பு 1990-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்து பரவியது.

இங்கே சமநிலைப் பிரச்சினை இல்லை, வண்டி விழாது. ஆகவே இந்த ஆசிரியர் காக்க வேண்டியவை வேறு: முழங்காலும் இதயமும். பெடல் கீழே வரும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும்படி ஒவ்வொருவருக்கும் சீட்டின் உயரத்தை அமைக்க வேண்டும். சக்கரத்தின் தடையை அவரவர் வலிமைக்கேற்ப வைக்க வேண்டும். மிதித்துக் கொண்டே ஒரு வாக்கியம் பேச முடிந்தால் உழைப்பு மிதமானது. ஓரிரு சொல்லுக்கு மேல் மூச்சு நிற்கவில்லையென்றால் உழைப்பு கடுமையானது. இந்த எளிய சோதனையைக் கொண்டு அவர் முகங்களைக் கவனித்துக் கொண்டே இருக்க வேண்டும். தம் வேகத்தைக் காட்டுவதற்காக மிதிப்பவர் நல்ல விளையாட்டு வீரராக இருக்கலாம். நல்ல ஆசிரியர் ஆகமாட்டார்.

ஆக, நகரும் வண்டியானாலும் நகராத வண்டியானாலும் இலக்கணம் ஒன்றே. ஆசிரியரின் கண் தம் மீதன்று, கற்பவர் மீது இருக்க வேண்டும். அளவோடு பிடிக்க வேண்டும். காலத்தில் விட வேண்டும்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் சைக்கிள் ஓட்டத் தெரியாத ஒருவர் கட்டாயம் இருப்பார். அம்மாவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம். 'இந்த வயதில் எனக்கெதற்கு?' என்பார்கள். டால்ஸ்டாயின் வயதைச் சொல்லுங்கள். புதுக்கோட்டையைச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பள்ளி மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சீட்டைத் தாழ்த்துங்கள். ஹேண்டிலைத் தொடாதீர்கள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுங்கள். பிறகு, அவர் அறியாமல், மெல்லக் கையை விடுங்கள்.